கொழும்புத்துறை வீட்டின் ஈரச்சுவர்கள்: பல மாரிகாலங்களின் பயன்பாட்டு அனுபவம்

யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கு அண்மையில், கொழும்புத்துறையில் உள்ள எங்கள் வீட்டின் முன்பகுதி சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டது. பின்பக்கத்து அறைகளும் குளியலறையும் சீமெந்துக் கல்லில் பிற்காலத்தில் எழுப்பப்பட்டவை. 1995 இடப்பெயர்வுக்குப் பின்னர் நெடுங்காலம் கூரையின்றி நனைந்து நின்ற சுவர்கள் இவை. இவற்றில் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 2014 தொடக்கம் நாங்கள் பயன்படுத்திவரும் பூச்சுகள், பெயின்ற் வகைகள், இயந்திரங்கள் ஆகியவற்றைப் பற்றிய மதிப்பீட்டை இங்கே பதிவுசெய்கிறேன். ஒரு மாரியை மட்டும் பார்த்துவிட்டு நல்லது கெட்டது சொல்லக்கூடிய விடயம் இதுவல்ல. முதலாம் ஆண்டில் பளிச்சென்று இருந்தவற்றில் சில, மூன்றாம் ஆண்டில் கைபட்டாலே உதிர்ந்தன.

அத்திவாரத்திலிருந்து மேலேறும் நீர், ஓட்டின் வழியாகவோ பீலியின் வழியாகவோ கசியும் மழைநீர், காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் படிந்து உண்டாகும் ஈரம் ஆகிய மூன்றும் சுவரில் ஏறக்குறைய ஒரே மாதிரியான கறையையே உண்டாக்குகின்றன. ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. குசினியில் பயன்படுத்தும் அலுமினியத் தாளில் ஒரு துண்டை வெட்டி, அதன் நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி சுவரில் ஒட்டி இரண்டு நாட்கள் விட்டுப் பார்ப்பது நல்ல சோதனையாகும். தாளின் உட்புறத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறத்தில் துளிர்த்திருந்தால் அது காற்றிலிருந்து வந்தது. இதனுடன் ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானியையும் வாங்கிவைத்தோம். விலைக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால், நாங்கள் வாங்கியவற்றுள் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

முன்பகுதிச் சுவர்களைத் திருத்தியபோது கூடத்தின் கீழ்ப்பகுதிக்கு நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சீமெந்துப் பூச்சும், பக்கத்து அறைக்குப் பழைய முறையிலான சுண்ணாம்புப் பூச்சும் இடப்பட்டன. கூடத்துக்கான ஆலோசனை ஒப்பந்தகாரருடையது. அறைக்கானது வயதான ஒரு மேசனுடையது. இரண்டும் ஒரே வெளிச்சுவரின் தொடர்ச்சி என்பதால் இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைக்காது. சீமெந்துப் பூச்சு முதல் மாரியில் உலர்ந்தே இருந்தது. அதன் பின்னர், பூச்சு முடிந்த எல்லைக்கு மேலே, முன்பு ஒருபோதும் ஈரம் தென்படாத உயரத்தில், பழுப்பு நிறக் கறை ஒன்று வரிசையாகத் தோன்றியது. அத்திவாரத்தில் நீர்த்தடுப்புப் படை இல்லாத கற்சுவரில் நிலத்துநீர் நுண்துளைகள் வழியே ஏறிக்கொண்டுதான் இருக்கும். அது ஆவியாகும் பரப்பை அடைத்தால், திறந்த பரப்பு கிடைக்கும்வரை மேலே செல்லும். சுண்ணாம்புப் பூச்சிட்ட அறையில் ஈரம் இன்றும் இருக்கிறது. ஆனால் அது முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. மாசி பிறக்கும்போது உலர்ந்தும்விடுகிறது.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கடற்காற்று, உவர்க்கிணற்று நீரில் குழைத்த சாந்து, சரியாகக் கழுவாத கடலோர மணல் என்று எங்கள் பகுதிச் சுவர்களுக்குள் உப்புச் சேர்வதற்குப் பல வழிகள் உண்டு. உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பது சுவருக்கும் பொருந்தும்: காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. ஆகையால்தான் மழையே இல்லாத நாளில், மூட்டமான காலைவேளையில் சுவர் நனைந்ததுபோலத் தெரிகிறது. ஈரப்பதன் குறையும்போது அதே உப்பு மீண்டும் பளிங்காகிப் பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. பூத்த உப்பை நீர்விட்டுக் கழுவுவது பலருடைய வழக்கம்; அது உப்பைக் கரைத்துச் சுவருக்குள்ளேயே திருப்பி அனுப்பும். உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே விழுவதை அள்ளி வெளியே கொட்டுவதே பயன் தருகிறது. சுண்ணாம்புப் பூச்சு இந்த உப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தான் உதிர்ந்து கல்லைக் காப்பாற்றுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கீழ்ப்பகுதியை மட்டும் உரித்துப் புதிதாகப் பூச நேர்வதை நான் அதன் குறையாகக் கருதவில்லை.

சுண்ணாம்புப் பூச்சுக்கு எங்கள் ஊரில் காலம் பார்ப்பது அவசியம். மாரியில் பூசினால் இறுகாது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் பூசினால் காற்று ஒரே நாளில் ஈரத்தை உறிஞ்சி வெடிப்பை உண்டாக்கும். பங்குனியில் பூசி, நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு மெதுவாக உலரவிட்ட பகுதியே இன்றுவரை உறுதியாக இருக்கிறது. குழைப்பதற்கு நன்னீரை வெளியிலிருந்து கொண்டுவரச் செய்தோம். அந்தச் செலவு வீணாகவில்லை. மேற்பூச்சுக்கும் பிளாஸ்ரிக் தன்மையுள்ள எமல்ஷன் பெயின்ற் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையடித்தலே போதும். பூஞ்சண எதிர்ப்பு என்று விளம்பரப்படுத்தப்படும் பெயின்ற்றைப் பின் அறையில் அடித்திருக்கிறோம்; அதன் வீரியம் இரண்டாம் மாரியோடு தணிந்துவிட்டது.

பின் அறையின் கதை வேறு. அங்கே ஏசி பொருத்திய பின்னர், அறைக்குள் எந்தக் குறையும் தெரியாதிருக்க, சுவரின் மறுபக்கமான நடைபாதையில் கரும்பூஞ்சணம் படர்ந்தது. 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் கொண்ட காற்று, ஏறக்குறைய 26 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீரைக் கக்கத் தொடங்கும். ஏசியை 20 பாகையில் வைத்திருந்தால் மெல்லிய சீமெந்துக்கல் சுவரின் வெளிமுகமும் அந்த 26 பாகைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. இப்போது 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். நடைபாதைச் சுவர் உலர்ந்திருப்பதோடு மின்கட்டணமும் குறைந்திருக்கிறது. அறையின் அளவுக்கு மிஞ்சிய ஏசியை வாங்கவேண்டாம் என்றும் சொல்வேன். அது விரைவாகக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுவதால் காற்றிலுள்ள நீர் போதிய அளவு வடிவதில்லை. குளிரும் பிசுபிசுப்பும் சேர்ந்தே இருக்கும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினர்கள், யன்னலைத் திறந்துவிட்டால் ஈரம் போய்விடும் என்று தொலைபேசியில் சொல்வார்கள். அவர்களுடைய குளிர்காலத்துக்கு அது சரியான அறிவுரை. வெளியிலுள்ள குளிர்காற்றில் நீராவி குறைவு. கார்த்திகை மாதத்து யாழ்ப்பாணத்தில் வெளிக்காற்றுத்தான் ஈரமானது. ஏசியில் குளிர்ந்த அறையின் யன்னலைத் திறந்தால் அலுமாரிக் கண்ணாடியும் தரையும் வியர்த்துவிடும். அதேபோல, குளிர்நாடுகளில் சுவரின் உட்புறத்தில் இடும் நீராவித் தடுப்பை இங்கே ஏசி அறையின் உட்புறத்தில் இட்டால், வினைல் சுவர்த்தாள் ஒட்டினாலும் இதே கதிதான், வெளியிலிருந்து வரும் நீராவி அதன் பின்னால் சிக்கிப் பூஞ்சணமாகும். மழை ஓய்ந்து வெயில் எறிக்கும் முற்பகலில் எல்லா யன்னல்களையும் திறப்பதும், மழை நாளிலும் இரவிலும் ஏசி அறையை மூடிவைப்பதுமே எங்கள் நடைமுறை.

ஈரமுறிஞ்சும் இயந்திரத்தைப் புத்தக அறைக்காக வாங்கினோம். சீலிங் அடித்த, கதவு நன்றாகப் பொருந்தும் அந்த அறையில் அது 85 வீதத்தை 60 அளவுக்கு இறக்கி வைத்திருக்கிறது. அட்டைகளில் வெண்பூஞ்சணம் பிடிப்பது நின்றுவிட்டது. அதையே ஓட்டுக்கூரைக் கூடத்தில் வைப்பது வீண்வேலை. ஓடுகளின் இடைவெளிகள் வழியே ஊர்க்காற்று முழுவதும் உள்ளே வந்துகொண்டிருக்கும். இயந்திரம் மணிக்கு ஏறக்குறைய கால் யூனிற் மின்சாரம் எடுப்பதுடன், தானும் வெப்பத்தைக் கக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். அலுமாரிக்குள் வைக்கும் கல்சியம் குளோரைட்டுக் கிண்ணங்கள் மூடிய இடத்தில் நன்றாக வேலை செய்கின்றன. சேர்ந்த நீர் கவிழ்ந்தால் சேலையையும் இரும்பையும் பாழாக்கும் என்பதால் கீழ்த்தட்டில், தட்டம் ஒன்றின்மேல் வைப்பது நல்லது. கற்பூரமும் வேப்பிலையும் மணத்தை மாற்றும், ஈரத்தை மாற்றா.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். குசினிக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் இதைக் கண்ணாலேயே காணலாம். தெளிந்த வானமுள்ள இரவில் தகரம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அதன் அடிப்புறத்தில் படியும் நீர் விடியற்காலையில் சொட்டுகிறது. கூரை ஒழுகுகிறது என்று எண்ணி ஆணித்துளைகளை அடைப்பதால் பயனில்லை. தகரத்தின் அடியில் வெப்பக்காப்புத் தகடு ஒட்டியதே தீர்வாயிற்று.

குளியலறையில் வைத்த காற்றுவாங்கி விசிறி, சீலிங்குக்குள் அல்லாமல் சுவர் வழியே வெளியே காற்றைத் தள்ளுவதாலும், கதவின் அடியில் காற்றுப் புக விரலளவு இடைவெளி விட்டிருப்பதாலும் நன்றாக உதவுகிறது. மழைநாட்களில் உடுப்புகளை வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்துவதை விட்டுவிட்டோம். இயந்திரத்தில் பிழிந்த ஒரு தடவைத் துணியிலிருந்தே ஏறத்தாழ 2 லீற்றர் நீர் அறைக்காற்றில் கலக்கும். அலுமாரிகளை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்திருக்கிறோம்.

வீதி ஒவ்வொரு முறை செப்பனிடப்பட்டபோதும் உயர்ந்து, எங்கள் முற்றம் பள்ளமாகிவிட்டது. அதனால் சுவரோரத்துப் பூப்பாத்தியை அகற்றி மண்ணை அத்திவார மட்டத்துக்குக் கீழே இறக்கி, பீலி நீரைக் குழாய் வழியே தொலைவுக்கு அனுப்பினோம். முன்பகுதியில் ஈரம் ஏறும் உயரம் குறைந்ததற்கு இந்த மண்வெட்டி வேலையின் பங்கு பூச்சின் பங்குக்குக் குறைந்ததல்ல. கூடத்துச் சீமெந்துப் பூச்சை உடைத்துச் சுண்ணாம்பு பூசும் வேலை பாதி முடிந்திருக்கிறது. கிணற்றுப் பக்கத்துச் சுவரை அடுத்த பங்குனியில் தொடங்க இருக்கிறோம்.