கோளாறான ஆயில் ஃபில்டர்: மாட்டும் முன்பும் கழற்றிய பின்பும் பார்க்க வேண்டியவை

நூறு, இருநூறு ரூபாய்க்கு வாங்கும் ஆயில் ஃபில்டர் நல்லதா கெட்டதா என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாட்டி ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்கள், அடுத்து வரும் காலைகள், 10,000 கிலோமீட்டர் ஓடிக் கழற்றும் நாள் என்று மூன்று இடங்களில்தான் அதன் தரம் தெரியும். இங்கே சொல்வது பெரும்பாலும் சிறிய பெட்ரோல் கார்களில் இருக்கும், திருகி மாட்டும் தகர டப்பா ஃபில்டரைப் பற்றி.

டப்பாவின் அடித்தட்டில் சுற்றிலும் இருக்கும் சிறு ஓட்டைகள் வழியாக ஆயில் உள்ளே போகும். மடிப்பு மடிப்பான காகிதத்தைக் கடந்து, நடுவில் மரை போட்ட துளை வழியாக என்ஜினுக்குத் திரும்பும். சிறு ஓட்டைகளுக்கு அடியில் தெரியும் ரப்பர் வளையம் ஆன்டி டிரெயின் பேக் வால்வு. என்ஜின் நின்றபின் ஆயில் சேம்பருக்கு (என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) வடிந்துவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. காகிதம் அடைத்துக்கொண்டாலோ ஆயில் குளிரில் கெட்டியாக இருந்தாலோ, வடிகட்டாத ஆயிலையாவது என்ஜினுக்கு அனுப்புவது பைபாஸ் வால்வு. அது பெரும்பாலும் 1 பார் வாக்கிலான அழுத்த வித்தியாசத்தில் திறக்கும். சில என்ஜின்களில் இந்த வால்வு என்ஜின் பிளாக்கிலேயே இருப்பதால், அவற்றுக்கான ஃபில்டரில் அது இருக்காது. ஆகவே அளவு சரியாக இருக்கிறது என்று வேறு வண்டியின் ஃபில்டரை மாட்டுவது கூடாது.

மரையிலும் இதே ஆபத்து உண்டு. எம் 20 × 1.5 மரை (20 மில்லிமீட்டர் விட்டம்) கொண்ட ஃபில்டர், சற்றே மெலிந்த 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை ஸ்டட்டிலும் (என்ஜினில் நிற்கும் மரைக்கம்பி) ஏறிவிடும். முதலாவதின் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், மற்றதின் இடைவெளி 1.59. லொடலொடவென்று ஏறி, கேஸ்கெட் (அடித்தட்டின் வெளி ஓரத்தில் இருக்கும் ரப்பர் வளையம்) தொட்டதும் இறுகியது போலவே தோன்றும். ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். ஆயில் அழுத்தம் ஏறும்போது கழன்று தெறிக்கும். திருகும்போது பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் அந்த ஃபில்டரை அப்படியே கடைக்குத் திருப்பிவிடுங்கள்.

மாட்டும் முன் நல்ல வெளிச்சத்தில் அடித்தட்டைப் பாருங்கள். மரையில் உலோகத் துருவல் இருந்தால் அது நேராக பேரிங்குக்கு (என்ஜினில் சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) போகும், ஏனென்றால் நடுத்துளை சுத்தமான ஆயிலின் பக்கம். கேஸ்கெட் தன் பள்ளத்தில் முழுவட்டமும் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மழுங்கிய சுத்தமான குச்சியால் உள் ரப்பரை அழுத்தினால் மெத்தென்று போய்த் திரும்ப வேண்டும். கட்டையாக இருந்தால் பழைய சரக்கு, அல்லது மட்டமான ரப்பர். டப்பாவில் நசுங்கல் இருந்தால், அது ஓரத்து மடிப்புத் தையலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, வாங்கவே வேண்டாம்.

கசிவு வந்ததும் ஃபில்டரைக் குறை சொல்லும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பழைய கேஸ்கெட் என்ஜின் முகத்திலேயே (ஃபில்டர் உட்காரும் பரப்பு) ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது ஏறியிருப்பது மிகப் பரவலான காரணம். இரண்டு கேஸ்கெட் சில நிமிடம் தாங்கும், பிறகு ஒன்று பிதுங்கி வெளியே வரும். கழற்றிய பழைய ஃபில்டரில் அதன் கேஸ்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்த வில்லங்கமே இல்லை. புது கேஸ்கெட்டில் புது ஆயிலைத் தடவி, அது முகத்தைத் தொட்ட இடத்திலிருந்து கையால் முக்கால் சுற்று (டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி). ஸ்பேனர் கழற்றுவதற்குத்தான். உலர்ந்த கேஸ்கெட் முறுக்கிக்கொள்ளும், அளவுக்கு மீறி இறுக்கினால் நசுங்கும். இரண்டிலும் கசிவு வரும், இரண்டுக்கும் ஃபில்டர் பொறுப்பல்ல.

ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். காலி ஃபில்டர் நிரம்பும் நேரம் அது. 10 வினாடி தாண்டியும் எரிந்தால் நிறுத்திவிடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்ப்பது பேரிங்கைத் தேய்க்கும் வேலை. விளக்கு அணைந்தபின் ஃபில்டரைச் சுற்றிலும் துணியால் துடைத்து, முகப்பவுடர் தூவி, ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. கேஸ்கெட் ஓரத்தில் என்றால் பெரும்பாலும் மாட்டிய விதம். டப்பாவின் மடிப்புத் தையலிலோ தகரத்தின் நடுவிலோ என்றால் தயாரிப்புக் குறை. மேலிருந்து வழிந்தால் டேப்பெட் கவர் (என்ஜினின் மேல்மூடி) பேக்கிங்கைப் பாருங்கள், ஃபில்டர்மேல் பழி வேண்டாம்.

ஓட்டத்தில் ஆயில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி அந்த இடத்திலேயே என்ஜினை அணைக்க வேண்டும். "அடுத்த பங்க் வரை போய்விடலாம்" என்ற நினைப்பு என்ஜினைத் தின்றுவிடும். இந்தச் சிறு கார்களில் மொத்தமே 3 லிட்டர் சொச்சம் ஆயில்தான். கேஸ்கெட் பிதுங்கினால் பம்ப் அதை ஓரிரு நிமிடத்தில் சாலையில் கொட்டிவிடும். விளக்கு அழுத்தத்தைத்தான் காட்டுகிறது, அளவை அல்ல. அது எரியும்போதே பேரிங்குக்கு ஆயில் போதவில்லை என்று அர்த்தம்.

வெளியே கசிவு தெரியாமல் வரும் கோளாறு ஆன்டி டிரெயின் பேக் வால்வுடையது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது மட்டும் இரண்டு மூன்று வினாடி கடகடவென்று சத்தம் வரும், சூடான பிறகு எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் வராது. ஃபில்டர் படுக்கைவாட்டில் அல்லது வாய் கீழ்நோக்கி இருக்கும் என்ஜின்களில் இது அதிகம். உறுதி செய்ய, ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் செய்யாமலே ஃபில்டரைக் கழற்றுங்கள். ஆயில் தங்கியிருந்தால் வால்வு பரவாயில்லை, சத்தத்துக்கு டைமிங் செயின் டென்ஷனரை (என்ஜினுக்குள் ஓடும் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) தேடலாம். டப்பா காலியாக இருந்தால் ஃபில்டரை மாற்றுங்கள். கூடுமானவரை சிலிக்கான் ரப்பர் வால்வு உள்ளதை வாங்கலாம். சாதா நைட்ரைல் ரப்பர் தொடர்ந்து சூடுபட்டால் இறுகிவிடும், நம் ஊர் நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்துப் பார்ப்பது, செலவில்லாமல் கிடைக்கும் ஸ்கேன் ரிப்போர்ட். ரம்பம் வேண்டாம், அதன் துருவலே காகிதத்தில் ஒட்டி ஏமாற்றும். டின் வெட்டுவதுபோல் சுற்றி வெட்டும் கருவி கிடைக்கிறது. காகிதம் கறுத்திருப்பது குறையல்ல. மடிப்புகள் ஒரு பக்கமாகக் கொத்தாகச் சேர்ந்திருப்பது, முனைத்தட்டிலிருந்து பசை விட்டிருப்பது, நடுக்குழாய் உள்வாங்கியிருப்பது, கிழிசல் ஆகியவைதான் குறைகள். மடிப்பை விரித்துக் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் தேய்கிறது, அப்போது பேச்சு ஃபில்டரைத் தாண்டிப் போய்விடும்.

காகிதம் கிழிந்திருந்தால் புது ஃபில்டர் மாட்டினால் மட்டும் போதாது. நார் ஆயில் பாதைகளில் புகுந்து, விவிடி சோலினாய்டின் (என்ஜின் வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் மின்வால்வு) சல்லடையிலும், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டென்ஷனரிலும் அடைக்கும். காகிதத்தில் எவ்வளவு துண்டு காணவில்லை என்று பாருங்கள். கணிசமாகக் குறைந்திருந்தால் சோலினாய்டு சல்லடையைக் கழற்றிப் பார்த்து, சேம்பரையும் இறக்கி பம்ப் ஆயிலை இழுக்கும் உறிஞ்சு சல்லடையைக் கழுவ வேண்டும். அதன்பின் புது ஆயிலையும் ஃபில்டரையும் 1,000 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை மாற்றுவது நல்லது.

தயாரிப்புக் குறை என்று தெரிந்தால், நஷ்ட ஈடு கேட்கும் எண்ணம் இருக்கும்பட்சத்தில் ஃபில்டரை வெட்டாதீர்கள். வெட்டிய ஃபில்டரை வைத்து எதையும் நிரூபிப்பது கடினம். கழற்றும் முன் கசியும் இடத்தையும், டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணையும் படமெடுத்து, பில்லோடும் பெட்டியோடும் உறையில் போட்டு வையுங்கள். மாட்டியது ஒர்க்ஷாப் என்றால், ஜாப் கார்டில் கிலோமீட்டர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விற்றவரும் மாட்டியவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவது வழக்கம் என்பதால் புகாரை எழுத்தில் இருவருக்கும் அனுப்புங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளால் வந்த சேதத்துக்குத் தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை வழங்குபவர் மூவரிடமும் ஈடு கேட்க வழி இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்கைப் பதிய வேண்டும்.