பழைய குழாயை மாற்ற எந்தப் பணம் உதவும்? சேலத்துக்குத் திறந்திருக்கும் நிதி வாசல்கள் பற்றி ஒரு மதிப்புரை

மேட்டூர் அணை முழுக் கொள்ளளவில் நிற்கும் நாளிலும் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 790 அடிதான். சேலம் நகரம் 900 அடிக்கு மேல் இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் காவிரித் தண்ணீரில் ஒரு குடம்கூடத் தானாக வடிந்து வருவதில்லை, எல்லாமே மோட்டார் ஏற்றிக் கொடுப்பது. வழியில் எங்காவது நொடிக்கு 1 லிட்டர் கசிந்தால் ஒரு நாளைக்கு 86,400 லிட்டர் போகிறது. ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவுகோலில் அது 640 பேருடைய தண்ணீர். உராய்வையும் சேர்த்து 100 மீட்டர் ஏற்ற வேண்டியிருக்கிறது, பம்பின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கசிவு ஆண்டுக்கு 12,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரத்தைத் தின்கிறது.

இந்தக் கசிவை நிறுத்தப் பணம் எங்கிருந்து வரும்? மாநகராட்சிக்குத் திறந்திருக்கும் வாசல்களை, பழையதைப் பழுதுபார்க்க எந்த அளவு உதவுகின்றன என்ற ஒரே கேள்வியை வைத்து இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். வார்டு கூட்டத்தில் கேள்வி கேட்பவர்களுக்கும், குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும், மன்றத்தில் தீர்மானத்துக்குக் கை தூக்கும் உறுப்பினர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

முதலில் அம்ருத் 2.0, நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான மத்திய அரசுத் திட்டம். 2021 அக்டோபர் 1 அன்று, 5 ஆண்டுத் திட்டமாகத் தொடங்கியது. 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத் திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மத்திய அரசு தருகிறது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8.29 லட்சம், ஆகவே நாம் இந்த வரிசையில் வருகிறோம். 30 கோடி ரூபாய் வேலைக்கு 10 கோடி வரும். மீதியை மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டும். திருப்பிக் கட்ட வேண்டாத பணம் என்பதால் இதை முதலில் கேட்பது சரியே. மத்தியப் பங்கு 20, 40, 40 என்று மூன்று தவணையாக வரும். அடுத்த தவணைக்கு முந்தையதைச் செலவழித்த கணக்கைக் காட்ட வேண்டும். இதில் தாமதமானால் ஒப்பந்ததாரரின் பில் நிற்கும், தோண்டிய தெரு மூடாமல் கிடக்கும்.

பெரிய குறை வேறு. இயக்கம், பராமரிப்புச் செலவுக்கு இந்த நிதியில் இடமில்லை. குழாயைப் போட்டுத் தரும், போட்ட குழாயைக் காப்பாற்றாது. அதனால் எஸ்டிமேட் போடும்போதே பழுதுபார்க்கும் வேலைகளை மூலதன வேலைக்குள் சேர்த்துவிட வேண்டும். விட்டுப்போகிற இனங்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்க்குப் பக்கத்தில் புதிய டி.ஐ. (டக்டைல் அயர்ன் எனும் இரும்பு) குழாய் பதிப்பார்கள். வீட்டு இணைப்புகளைப் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றும் செலவு எஸ்டிமேட்டில் இருக்காது. பாதி வீடு பழைய குழாயிலேயே தொங்கும், அதை மூட முடியாது, இரண்டிலும் தண்ணீர் ஓடும், கசிவு முன்பைவிடக் கூடும். ஃபெருல் (தெருக் குழாயிலிருந்து வீட்டு இணைப்பைப் பிரிக்கும் பொருத்து), வீட்டு வாசல் வரை எம்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய், மீட்டர், பழைய குழாயை இரு முனையிலும் வெட்டி அடைப்பது என்ற நான்கும் எஸ்டிமேட்டில் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது முழு வேலை அல்ல.

அடுத்தது பாறை. சேலத்தின் பெரும்பகுதியில் கொஞ்சம் தோண்டியதும் கடினப் பாறை வந்துவிடும். சோதனைக் குழி போடாமல் எஸ்டிமேட்டில் மண் என்று எழுதிவிட்டு, களத்தில் பாறை வந்ததும் அளவு கூடும், திருத்திய அனுமதிக்குக் கோப்பு திரும்பும். அந்த இடைவெளியில் செலவைக் குறைக்கக் குழாயை ஆழம் குறைத்து, மணல் படுகை இல்லாமல் பாறை மேலேயே பதித்துவிடுவது நடக்கிறது. குழாய் ஒரே புள்ளியில் தாங்கி நிற்கும், மேலே லாரி போகப் போக அங்கேதான் உடையும். பள்ளத்தை மூடுவதற்கு முன் இயக்க அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் அழுத்தச் சோதனை நடந்ததா, அது அளவுப் புத்தகத்தில் ஏறியதா என்று கேட்கும் உரிமை வார்டு உறுப்பினருக்கு உண்டு.

அம்ருத் 2.0-க்கு எங்கள் மதிப்பெண் 5-க்கு 3. கொடை என்பதற்காகத்தான் அந்த மூன்றும்.

இரண்டாவது வாசல், தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம். 1996-ல் மாநில அரசும் தனியார் நிதி நிறுவனங்களும் சேர்ந்து அமைத்தது. உலக வங்கி, ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. போன்ற வெளிப்பணம் இதன் வழியாக நகராட்சிகளுக்குக் கடனாக வருகிறது. கடன் என்றாலே மன்றத்தில் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கட்டித்தர வேண்டிய பணம் என்பதால்தான் வருமானம் எங்கே, இணைப்பு எத்தனை, கட்டணம் எவ்வளவு என்ற கேள்விகளை இந்த வாசல் முன்கூட்டியே கேட்கிறது. வரி வருவாய் ஒரு தனி எஸ்க்ரோ கணக்கில் விழுந்து, தவணை போன பிறகே மீதி மாநகராட்சிக்கு வரும்படி நிபந்தனை வைக்கலாம். இது கஷ்டம்தான், ஆனால் ஒழுங்கு தரும்.

எண்ணில் பார்ப்போம். 10 கோடி ரூபாயை 9 சதவீத வட்டிக்கு 15 ஆண்டுக் கடனாக வாங்கினால் ஆண்டுத் தவணை சுமார் 1.24 கோடி. அந்தக் குழாயால் 10,000 இணைப்புகள் பயன்பெறுகின்றன என்றால் ஒரு வீட்டுக்கு மாதம் 103 ரூபாய். இந்த 103 ரூபாயை எங்கிருந்து எடுப்பது என்று தீர்மானத்திலேயே எழுதிவிட்டால் கடன் பயமுறுத்தாது. எழுதாமல் விட்டால் அடுத்த மன்றத்தின் தலையில் விழும்.

கடனின் காலம் வாங்கும் பொருளின் ஆயுளுக்குள் இருக்க வேண்டும். குடிநீர்த் திட்டங்களில் பம்புக்கு 15 ஆண்டு, குழாய்க்கு 30 ஆண்டு என்றுதான் வடிவமைப்புக் காலம் வைக்கிறார்கள். 20 ஆண்டுக் கடனில் மோட்டார் வாங்கினால், மோட்டார் பழைய இரும்புக்குப் போன பிறகும் 5 ஆண்டு தவணை கட்டிக்கொண்டிருப்போம்.

பாதாள சாக்கடைக்கு இந்த நிதியத்தின் வரலாற்றில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது: ஆலந்தூர். 2000-ம் ஆண்டையொட்டி அந்த நகராட்சி வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் டெபாசிட் வாங்கி, மீதிக்கு நிதியத்தின் கடனும் மானியமும் பெற்றுத் திட்டத்தை முடித்தது. டெபாசிட் கட்டியவர் இணைப்பு எடுக்காமல் விடமாட்டார். இதற்குள் பொறியியல் காரணம் ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவாக வரும் என்ற கணக்கில்தான் சாக்கடைக் குழாயின் அளவும் சரிவும் தீர்மானிக்கப்படுகின்றன. தொடக்கக் காலத்திலேயே உச்ச ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது பிடிக்க வேண்டும். தெருவில் பாதி வீடு இணைப்பு எடுக்காவிட்டால் ஓட்டம் குறையும், கசடு படியும். படிந்த கசடிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும், அது ஈரமான மேல்சுவரில் கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டை அரிக்கும். 30 ஆண்டுக்கென்று போட்ட குழாய் பாதி வயதிலேயே உச்சி இடிந்து விழுவது இப்படித்தான். அந்த வாயு நிறைந்த மேன்ஹோலில் ஆளை இறக்குவது உயிரைப் பணயம் வைப்பது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஜெட்டிங் இயந்திரத்துக்கும் உறிஞ்சு வண்டிக்கும் திட்டத்திலேயே பணம் ஒதுக்காத பாதாள சாக்கடைக்குக் கடன் வாங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இணைப்பு எடுக்காத வீடுகளின் கழிவு எங்கே போகிறது என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். சேர்வராயன் மலையில் பிறந்து ஊரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு அதைச் சுமக்கிறது.

நகர்ப்புற வளர்ச்சி நிதியத்துக்கு 4. டெபாசிட்டும் கட்டணமும் முன்கூட்டியே முடிவான வேலைக்கு மட்டும்.

நகராட்சிப் பத்திரங்களை, அதாவது முதலீட்டாளர்களிடம் நேரடியாகக் கடன் திரட்டும் வழியைப் பற்றிச் சுருக்கமாக. சென்னை மாநகராட்சி 2025 மே மாதம் 200 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது, வட்டி 7.97 சதவீதம். வட்டி குறைவு என்று சேலமும் ஓடத் தேவையில்லை. தரமதிப்பீடு, பட்டியலிடல், அறங்காவலர் என்று செலவுகள் உண்டு, சிறு தொகைக்கு அவை கட்டுப்படியாகாது. தனியாகப் போக முடியாத சிறு ஊர்கள் சேர்ந்து போவதற்கும் வழி இருக்கிறது. 2002-ல் தொடங்கிய குடிநீர், சுகாதாரக் கூட்டு நிதியம் வழியாக 13 உள்ளாட்சிகள் ஒன்றாக 30 கோடி ரூபாய் அளவுக்குப் பத்திரம் விற்றன. சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்து நகராட்சிகள் சேர்ந்து யோசிக்க வேண்டிய வழி அது.

15-வது நிதி ஆணைய மானியம் 2021-26 காலத்துக்கானது. சேலம் பத்து லட்சத்துக்குக் குறைவான நகரங்களின் பிரிவில் வருவதால் மானியத்தில் 60 சதவீதம் கட்டுப்பட்ட பணம்: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, மறுசுழற்சிக்கு, பாதி சுகாதாரம், திடக்கழிவுக்கு. பழுதுபார்ப்புக்கு மிகவும் பொருந்தும் வெளிப்பணம் இதுதான். மற்ற வாசல்கள் கேட்காத சிறு வேலைகள், அதாவது வால்வு மாற்றுவது, மேல்நிலைத் தொட்டியின் உள்பூச்சு, குளோரின் செலுத்தும் கருவி, இதில் அடங்கும். தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் வெளியிட வேண்டும், சொத்து வரி மாநில வளர்ச்சிக்கு ஏற்ப உயர வேண்டும் என்பவை நிபந்தனைகள். 2022 ஏப்ரலில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் வரி உயர்ந்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. வரியை ஏற்றுக்கொண்டு கட்டிய ஊர், அதற்கு ஈடாக வந்த மானியத்தில் எத்தனை வால்வு மாறியது என்று கேட்க வேண்டாமா?

அணைகள் மாநகராட்சியின் கையில் இல்லை. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, பொறுப்பு மாநில நீர்வளத் துறையுடையது. ஆனால் நம் குடிநீரின் தலை அங்கேதான். அணை புனரமைப்பு, மேம்பாட்டுத் திட்டமான ட்ரிப்பின் இரண்டாம், மூன்றாம் கட்டத்துக்கு 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 10,211 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் தந்தது. நாடு முழுவதும் 736 அணைகள், 10 ஆண்டுகள். பிரித்தால் அணைக்கு சராசரி 14 கோடி கூட வராது. பெரும்பாலான மாநிலங்களுக்கு 70 சதவீதம் வெளிக்கடன், 30 சதவீதம் மாநிலப் பணம். மதகு ரப்பர் சீல், கம்பி வடம், முகப்புக் கற்களின் இடைப்பூச்சு, கசிவளவுக் கருவி போன்றவற்றுக்கு அது போதும். கல் கட்டுமான அணைகளில் உள் வடிகால் துளைகள் சுண்ணாம்பு படிந்து அடைபட்டால் அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளும் நீரழுத்தம் கூடும். அந்தத் துளைகளை மீண்டும் துளைத்துச் சுத்தம் செய்வது பெரிய செலவல்ல, தவறவிட்டால்தான் பெரிய செலவு. 2021-ம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கும் கடமையை அணை உரிமையாளர் மேல் வைத்திருக்கிறது. ட்ரிப்புக்கு 4, பணத்தோடு ஆய்வு ஒழுங்கும் வருவதால்.

இனி, எங்கள் பட்டியலில் முதலிடம். அது வெளியில் இல்லை. தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சிக் கணக்குகள் மூன்று நிதிகளாக எழுதப்படுகின்றன: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. சொத்து வரியில் குடிநீர், வடிகால் வரிக்கான பங்கும், குடிநீர்க் கட்டணமும், இணைப்பு டெபாசிட்டும் இரண்டாவது நிதியில் சேர வேண்டியவை. கசிவை அடைக்க ஒவ்வோர் ஆண்டும் நிச்சயமாக வரும் பணம் இதுதான்.

பட்ஜெட் புத்தகத்தில் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கட்டணம் எவ்வளவு, பழுதுபார்ப்பு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடிநீர் நிதியிலிருந்து வேறு நிதிக்குக் கைமாற்றாகப் போன தொகை இருக்கிறதா, திரும்பி வந்ததா என்று பாருங்கள். பிறகு தேய்மானம். கணக்கில் தேய்மானம் எழுதுவார்கள், அதற்கு ஈடாக வங்கியில் ரொக்கம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். 30 கோடிக்குப் போட்ட குழாய் 30 ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 1 கோடி தனிக் கணக்கில் விழ வேண்டும். மன்றம் ஒரு தீர்மானத்தில் செய்யக்கூடிய காரியம் இது, சென்னையிலோ டெல்லியிலோ யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதற்கு இரவு அளவீடு செய்யுங்கள். ஒரு மேல்நிலைத் தொட்டியின் பகுதியைத் தேர்ந்தெடுத்து, நள்ளிரவு 2 மணி முதல் 4 மணி வரை குழாயில் அழுத்தம் கொடுத்து, தொட்டி மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். அந்நேரம் யாரும் பிடிக்காத தண்ணீர் பெரும்பாலும் கசிவுதான், வீட்டுத் தொட்டிகளின் மிதவை வால்வு திறந்து கிடந்தால் மட்டும் கணக்கு பிசகும். வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால் எந்தத் தெருவில் இறக்கம் நிற்கிறதோ அங்கே தோண்டலாம். இதற்கு வால்வு திரும்ப வேண்டும். தார் ரோட்டுக்கு அடியில் புதைந்த வால்வுக் குழிகளைத் தேடி எடுத்து, ரோடு மட்டத்துக்கு உயர்த்தி, பதிவேட்டில் ஏற்றுவதே முதல் செலவாக இருக்கட்டும். சாக்கடையும் குடிநீரும் ஒரே தெருவில் ஓடும் ஊரில் இது உயிர்ப் பிரச்சினை. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, கசிவுத் துளை வழியாகவே வெளிக்கழிவு உள்ளே இழுக்கப்படும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சவில்லை என்றால் அந்தத் தெரு பட்டியலில் மேலே ஏற வேண்டும்.

ஏற்காட்டுப் பக்கத்து மலைக் கிராம ஊராட்சிகளில் கணக்கு வேறு. அம்ருத்தும் நகர்ப்புற நிதியமும் கிடையாது. கிராம வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் இயக்கத்தில் ஆளுக்கு 55 லிட்டர் அளவு. ஊருக்குள் செய்யும் வேலையில் மக்கள் பங்கு சமவெளியில் 10 சதவீதம், மலை, வனப் பகுதியில் 5 சதவீதம். மலைச் சரிவில் 10 மீட்டர் இறங்கினால் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கூடும். 60 மீட்டர் கீழே இருக்கும் குடியிருப்புக்கு 4 கிலோ தாங்கும் குழாய் போட்டால் முதல் கோடையிலேயே பிளக்கும். நடுவில் அழுத்தம் உடைக்கும் தொட்டி ஒன்று எஸ்டிமேட்டில் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வந்த திட்டத்தைக் கிராம சபை ஏற்காமல் திருப்பி அனுப்பலாம். பின்னால் குழாய் மாற்ற ஊராட்சியிடம் இருப்பது நிதி ஆணைய மானியத்தில் குடிநீருக்கான பங்கும் வீட்டுக் கட்டணமும்தான்.