பேதுருவுக்கு வேறு வழி இருந்ததா? மூன்று விடைகள்

குருத்து ஞாயிறு திருப்பலி முடிந்து சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்திலிருந்து வெளியே வரும்போது மகன் கேட்டான்: “சேவல் கூவுறதுக்குள்ள பேதுரு மூணு தடவை மறுதலிப்பாருன்னு இயேசு முன்னாடியே சொல்லிட்டாரே. அப்புறம் அவர் மேல என்னப்பா தப்பு?”

இயேசு கைதான இரவில் அவருடைய சீடர் பேதுரு, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொன்னதைத்தான் கேட்டான். அன்று எனக்குப் பதில் வரவில்லை. பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்து, இப்போது பதினாறாம் நூற்றாண்டு இறையியலாளர் மொலினா பக்கம் சாய்ந்திருக்கிறேன்.

முதலில் ரோமானிய மெய்யியலாளர் போயத்தியுஸ். 524 வாக்கில் மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் இருந்தபடி எழுதியவர். கடவுள் காலத்துக்கு வெளியே இருக்கிறார், நம்முடைய நாளையும் அவருக்கு இப்போதுதான் என்கிறார். பன்னிரண்டாவது மாடியிலிருந்து ஒருவர் ரோட்டைக் கடப்பதைப் பார்க்கிறேன். நான் பார்ப்பதால் அவர் கடக்கவில்லை. சரி, பார்ப்பதோடு நின்றால் இந்த விடை போதும்.

ஆனால் இயேசு வாய் திறந்து சொல்லிவிட்டாரே! இராவுணவில் சொன்ன சொல், விடிவதற்குள் முடிந்துபோன சங்கதி. முடிந்ததை யாரும் மாற்ற முடியாது. மாடியில் நின்றவர் கீழே இறங்கி வந்து, ரோட்டில் கால் வைக்கும் முன்பே “நீ கடப்பாய்” என்று காதில் சொன்ன மாதிரி. காலத்துக்கு வெளியே இருப்பது இங்கே கைகொடுக்கவில்லை. நான் கட்சி மாறியது இந்த இடத்தில்தான்.

எதிர்காலம் இன்னும் திறந்தே கிடக்கிறது, கடவுளும் நம் குணத்தை வைத்துத்தான் கணிக்கிறார் என்போரும் உண்டு. தேக்காவில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் என் தலையைக் கண்டதும் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) கலக்கிவிடுவார். ஒருநாள் மைலோ கேட்டேன். கலக்கியதை அவரே குடித்தார். பேதுரு பயந்துவிடுவார் என்று குணத்தை வைத்துச் சொல்லலாம். மூன்று தடவை என்று எண்ணிச் சொல்ல முடியுமா?

ஸ்பெயின் நாட்டு சேசு சபைக் குரு மொலினா 1588-இல் வெளியிட்ட நூலில் வேறு வழி காட்டினார். இன்ன சூழலில் இன்னார் தாமாக எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது, உலகைப் படைக்கத் தீர்மானிக்கும் முன்பே கடவுளுக்குத் தெரியும். தலைமைக் குருவின் முற்றம், குளிர்காயும் நெருப்பு, பணிப்பெண்ணின் கேள்வி: அங்கே பேதுரு என்ன செய்வாரோ, அதைப் பொறுத்தே அந்தச் சொல். பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் தலையெழுத்து வேறு. அதில் எழுத்துதான் ஆளை ஆட்டிவைக்கும்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. வராமலே போன சூழலில் ஒருவர் என்ன செய்திருப்பார் என்பதை எது உண்மையாக்குகிறது? எனக்குப் பிடிபடவில்லை. கத்தோலிக்கத் துறவியரான தொமினிக்கன் சபையாரும் சேசு சபையாரும் கடவுளின் அருளையும் மனித சுதந்திரத்தையும் பற்றி ரோமில் 1598 முதல் வாதாடினார்கள்; 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்லாமல் முடித்துவைத்தார்.

மகனிடம் மொலினாவைச் சொன்னேன். “அப்போ மூணாவது தடவை அவர் சுதாரிச்சிருந்தா?”

“சுதாரிச்சிருக்கலாம்” என்றேன்.

“அப்போ இயேசு ரெண்டு தடவைன்னு சொல்லியிருப்பாரா?”