வாள் உள்ள அலாவுதீனா, வாள் இல்லாத அலாவுதீனா?

போன பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டில் நான்கு நாள் இருந்தேன். அக்கா மகனோடு உட்கார்ந்து பழைய அலாவுதீன் வீடியோ விளையாட்டு இரண்டையும் முதல் ஸ்டேஜிலிருந்து வில்லன் ஜாஃபர் பாம்பாக மாறும் கடைசி சண்டை வரைக்கும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இரண்டா என்று கேட்பீர்கள். 1992-இல் டிஸ்னி படம் வந்தது, அதை வைத்து 1993-இல் இரண்டு கம்பெனிகள் தனித்தனியாக விளையாட்டு செய்தார்கள். டிவியில் மாட்டி விளையாடும் இயந்திரங்களில் சேகா மெகா டிரைவுக்கு விர்ஜின் கம்பெனி, சூப்பர் நிண்டெண்டோவுக்கு காப்காம் கம்பெனி. பெயரும் கதையும்தான் ஒன்று, உள்ளே போனால் வேறு வேறு. எது ஒசத்தி என்ற சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை. நான் காப்காம் பக்கம். ஆனால் சேகாவைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது, ஏனென்றால் நான் வளர்ந்தது அதில்தான்.

நாங்கள் இருந்த எஸ்டேட் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, வீட்டில் மட்டும்தான் மெகா டிரைவ் இருந்தது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கூடுவோம். முதல் நாள் பார்த்தபோது படமே ஓடுகிறது என்று நினைத்தேன். அது வெறும் பிரமிப்பு இல்லை. டிஸ்னியின் கார்ட்டூன் ஓவியர்களே காகிதத்தில் வரைந்து கொடுத்ததை கணினிக்குள் ஏற்றியிருந்தார்கள், அதனால்தான் அலாவுதீன் சும்மா நிற்கும்போதுகூட உயிரோடு நிற்கிற மாதிரி இருக்கும். அடி வாங்கிய காவலாளியின் கால்சட்டை அவிழ்ந்து விழும், நெருப்புத் தணல் மேல் கால் வைத்தவன் கத்திக்கொண்டே துள்ளுவான், ஒட்டகத்தின் முதுகில் குதித்தால் அது துப்பும். யாராவது விளையாட, பத்து பேர் பின்னால் நின்று சிரிப்போம்.

விளையாடும்போதுதான் குறை தெரியும். கையில் வாள் இருக்கிறது, எறிந்த கத்தியைத் திருப்பி அடிக்கலாம், ஆனால் அந்த வாள் எவ்வளவு தூரம் எட்டும் என்று கடைசி வரை கைக்குப் பிடிபடாது. எதிரி மேல் பட்ட மாதிரி இருக்கும், படாது. குதித்தால் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும், எங்கே இறங்குவோம் என்பது பாதி யூகம். கம்பளத்தில் பறக்கும் ஸ்டேஜில் பாறை மேலே வருகிறதா கீழே வருகிறதா என்று ஒரு குறி காட்டும், கண் சிமிட்டும் நேரத்தில் நகர்ந்தாக வேண்டும், அங்கே போன உயிர்களுக்குக் கணக்கே இல்லை.

அதோடு சேகாவில் சேவ் கிடையாது, பாஸ்வர்டும் கிடையாது. உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அப்போது ஜெனரேட்டர் கரண்டு, இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். விளக்குக்குள்ளே போகும் ஸ்டேஜ் வரை வந்து, விளக்குப் பூதம் ஜீனியின் கை மேல் நின்றுகொண்டிருக்கும்போது, டிவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்புறம் விளையாட்டை நிறுத்திவைத்து ஏ பி பி ஏ ஏ பி பி ஏ என்று பொத்தான்களை அமுக்கினால் ஸ்டேஜைத் தாண்டிவிடலாம் என்று யாரோ சொல்லிக் கொடுக்க, பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு போனோம்.

காப்காம் விளையாட்டை நான் பார்த்தது சில வருஷம் கழித்து, டவுனில், மணிக்கு ஒரு வெள்ளி வாங்கிக்கொண்டு விளையாட விடும் கடையில். முதலில் பிடிக்கவே இல்லை. வாள் இல்லை, ஆப்பிள் எறிந்தால் எதிரி கொஞ்ச நேரம் தடுமாறுவான், அவ்வளவுதான். அரை மணி நேரம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்த அலாவுதீன் சண்டைக்காரன் இல்லை, ஓடுகிறவன். எதிரியின் தலையில் கால் வைத்து அப்படியே அடுத்த கூரைக்கு, கம்பத்தைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி அந்தப் பக்கம், துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து மெதுவாகக் கீழே. எங்கே குதித்தாலும் நினைத்த இடத்தில் கால் படும். தவறி விழுந்தால் தப்பு நம்முடையது என்று கைக்கே தெரியும். யோசித்துப் பாருங்கள், படத்தில் அவன் சந்தையில் ரொட்டியைத் திருடிக்கொண்டு ஓடுகிற பையன்தானே? அந்தப் பையன் காப்காமில்தான் இருக்கிறான்.

பாஸ்வர்டும் உண்டு. எழுத்து கிடையாது, படத்தில் வரும் நான்கு பேரின் முகம். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் யார் முகத்துக்குப் பின் யார் முகம் என்று எழுதிக்கொண்டு போவேன், அடுத்த வாரம் இன்னொரு வெள்ளி கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கணக்குப் பார்த்தால் இயந்திரங்களும் இரண்டு விதம். சேகா ஒரே நேரத்தில் 64 நிறம்தான் காட்டும், நிண்டெண்டோ 256. அப்படி இருந்தும் கார்ட்டூன் மாதிரி தெரிவது சேகாதான், ஓவியர்களின் கை அப்படி. நிண்டெண்டோவில் பின்னணி அழகு, குகையும் பிரமிடும் நல்ல செழிப்பு. இளவரசி ஜாஸ்மினோடு இரவில் கம்பளத்தில் பறக்கும் இடம் ஒன்று வரும், அதில் எதிரியே கிடையாது, சும்மா பறந்து ரத்தினம் பொறுக்கலாம். அந்த மாதிரி மூச்சுவிடும் இடம் சேகாவில் இல்லை.

காப்காம் விளையாட்டை வடிவமைத்தவர் ஷின்ஜி மிகாமி, 1996-இல் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் விளையாட்டைச் செய்தவர். தான் செய்திராவிட்டால் சேகா விளையாட்டைத்தான் வாங்கியிருப்பேன் என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பெரிய மனசு, ஆனால் இந்த விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன்.

இப்போது விளையாட நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2019-இல் வந்த மறுபதிப்பில் லயன் கிங் என்ற இன்னொரு டிஸ்னி விளையாட்டோடு சேகா அலாவுதீன் உண்டு, காப்காம் அலாவுதீன் கிடையாது. 2021-இல் வந்த தொகுப்பில்தான் காப்காம் விளையாட்டும் சேர்ந்தது, அதையே வாங்குங்கள். தப்பாகக் குதித்தால் பின்னோக்கி ஓட்டிச் சரிசெய்யலாம், சேவ் செய்யலாம். சேகா விளையாட்டுக்கு அந்த வசதி அவசியம் வேண்டும், இல்லையென்றால் இன்றைக்குப் பத்து வயசுப் பையன் கம்பள ஸ்டேஜைத் தாண்ட மாட்டான். காப்காமுக்கு நாங்கள் அதைத் தொடவே இல்லை.

அக்கா மகன் முதல் நாள் கேட்டான், "மாமா, இவனுக்கு வாள் இல்லையா?" "இல்லடா, ஓடு, குதி" என்றேன். நான்காம் நாள் காலையில் நான் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவனாகவே டிவியைப் போட்டு, சேகாவைத் தாண்டி காப்காமைத் திறந்து, மறுபடி முதல் ஸ்டேஜிலிருந்து ஆரம்பித்தான். சிவப்பு ரத்தினம் எதையும் விடாமல் எடுக்கப் போகிறானாம்.