மெர்லின் செயலி: தனுஷ்கோடியில் எவ்வளவு நம்பலாம்?

பறவைகளை அடையாளம் காட்டும், கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலிக்குக் காசு கிடையாது, விளம்பரத் தொல்லையும் இல்லை. 2014-ல் வட அமெரிக்கப் பறவைகளுக்காக வந்தது. இன்று இந்தியா, ஆஸ்திரேலியா என்று ஊர்வாரியாக, போனில் இறக்கிக்கொள்ளும் பறவைத் தொகுப்புகள் இருக்கின்றன. இராமநாதபுரம் கரையில் அது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதுதான் இங்கே பேச்சு. பனங்காட்டிலும் கண்மாயிலும் தாராளமாக நம்பலாம். கடலோரச் சேற்றுத்திட்டில் அது சொல்லும் முதல் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது.

காரணம் அது கேட்கும் கேள்விகளிலேயே இருக்கிறது. இடம், தேதி, உருவ அளவு, மூன்று வரை முக்கிய நிறங்கள், பறவை என்ன செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அலகின் நீளத்தையும் காலின் நிறத்தையும் தனியாகக் கேட்பதில்லை. கரைப்பறவைக்கோ அவைதான் அடையாளமே. மிச்சத்தை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் மக்கள் ஏற்றிய பட்டியல்களை வைத்து நிரப்பிக்கொள்கிறது. சாம்பலும் வெள்ளையுமாக, சிட்டுக்குருவி அளவில் ஒரு உள்ளான், அதாவது சின்னக் கரைப்பறவை, என்று வையுங்கள். ஆஸ்திரேலியாவின் புரூம் கடற்கரையில் நின்று கேட்டால் செங்கழுத்துக் கொசு உள்ளானை மேலே காட்டும். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் நின்று கேட்டால் நம்ம ஊர்க் கொசு உள்ளான் மேலே வரும். குளிர்காலச் சிறகில் இந்த இரண்டையும் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே பெரும்பாடு. செயலி சொன்ன விடையில் பாதி, நீங்கள் நிற்கும் ஊர்.

ஆகவே ஊரைச் சரியாகக் கொடுப்பது முதல் வேலை. பழைய படத்தை வீட்டில் உட்கார்ந்து சோதிக்கும்போது இடம் மதுரை என்றே இருந்தால், ஆலா, உப்புக்கொத்தி போன்ற கடலோரப் பறவைகள் பட்டியலின் அடியில் போய்விடும். தேதியையும் மாற்ற மறக்க வேண்டாம். தொகுப்பை ராமேஸ்வரத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி தாண்டினால் சிக்னல் தேய்ந்துவிடும். சில நேரம் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்து வரவேற்புச் செய்தி அனுப்பும், ரோமிங்கை அணைத்து வைப்பது நல்லது. தொகுப்பு உள்ளே இருந்தால் நெட் இல்லாமலே எல்லாம் ஓடும்.

படத்தை வைத்து அடையாளம் காண்பதில்தான் இந்தக் கரையில் சிக்கல் அதிகம். வெயில் ஏறிவிட்டால் மணல் மேல் கானல் நெளியும். எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் அலகு தடித்தும் கால் கலங்கியும் விழும். விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம்தான் படத்துக்கு. அரிச்சல்முனை நோக்கிப் போகும் சாலையில் காலை வெயில் முகத்தில் அடிக்கும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், சாலையில் நிற்பவருக்குப் பெண்கடல் (வடக்கே உள்ள பாக் நீரிணை) பக்கத்துப் பறவைகள் மேல் வெளிச்சம் சரியாக விழும். ஆண்கடல் (தெற்கே உள்ள மன்னார் வளைகுடா) பக்கம் எடுத்தால் வெறும் நிழலுருவம்தான் மிஞ்சும்.

ஒரு பறவைக்கு மூன்று படமாவது வேண்டும்: அலகு முழுதும் தெரியும் பக்கவாட்டு, கால், சிறகு விரித்த நிலை. மணல் உப்புக்கொத்திகளில் பெரியது, சிறியது என்ற இரண்டு வகைகளைச் செயலி மாற்றி மாற்றிச் சொல்லும். அப்போது அலகை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அலகை அப்படியே பின்னால் மடக்கினால் நுனி கண்ணின் பின்விளிம்பைத் தாண்டுமா? தாண்டினால் பெரியது, காலும் மங்கிய பச்சை மஞ்சளாக இருக்கும். சிறியதற்கு அலகு குட்டை, கால் கருஞ்சாம்பல். அந்தச் சிறியதையும் இப்போது திபெத், சைபீரியா என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இங்கே வருவது பெரும்பாலும் திபெத் இனம்.

கடற்காகங்களை உட்கார்ந்த நிலையில் எடுத்துப் பயனில்லை. சிறகை விரித்தால் பழுப்புத்தலைக்குக் கறுத்த நுனியில் வெள்ளைப் பொட்டு, கருந்தலைக்கு சிறகின் முன்விளிம்பில் வெள்ளைப் பட்டை. ஆலாக்களில் செயலி பரவாயில்லை. ஆனால் சாயங்கால வெயிலில் பெரிய கொண்டை ஆலாவின் மஞ்சள் அலகும் ஆரஞ்சாகத் தெரியும், உடனே சிறிய கொண்டை ஆலா என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. பக்கத்தில் நிற்கும் வேறு பறவையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து உருவத்தை ஒப்பிடுங்கள்.

குரலை வைத்துக் காணும் வசதி 2021-ல் வந்தது. அரிச்சல்முனைக் காற்றில் அதைத் திறக்கவே வேண்டாம், மைக்கில் இரைச்சல் மட்டும்தான் ஏறும். பனங்காட்டிலும் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்க் கரையிலும் இதே வசதி அசத்துகிறது. கௌதாரி, செம்போத்து, தையல்சிட்டு, வெண்புருவச் சின்னான் எல்லாம் கூவி முடிக்கும் முன்னே பெயர் வந்துவிடும். கரிச்சான் வல்லூறின் குரலில் கத்தினால் ஏமாந்துபோகும், அவ்வளவுதான். காரங்காடு அலையாத்திக்குள் போகும்போது படகு இன்ஜின் நின்ற பிறகு பதிவை அழுத்துங்கள்.

பெயர் வந்ததும் பட்டியலில் அந்தப் பறவை எந்த மாதம் எவ்வளவு தென்படும் என்று காட்டும் மாதவாரிப் பட்டையைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். செயலியிலேயே உருப்படியான பகுதி இதுதான். இதிலும் ஒரு பள்ளம் உண்டு: ஆள் அதிகம் போகாத கரையில் பதிவுகள் குறைவு, அதனால் அங்கே பட்டை மெலிந்திருப்பதை வைத்துப் பறவை வராது என்று முடிவு கட்ட முடியாது.

வைகாசி, ஆனியில் மணல்மேட்டில் ஓடும் சின்ன உப்புக்கொத்தியைச் செயலி கெண்டிஷ் உப்புக்கொத்தி என்று சொன்னால் நிதானியுங்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தங்கி இனம் பெருக்கும் பறவையை, 2023-ல் வந்த ஓர் ஆய்வு அனுமன் உப்புக்கொத்தி என்று தனி இனமாகப் பிரித்துக் காட்டியது. கெண்டிஷைவிடக் கொஞ்சம் சிறியது. திறந்த மணலில்தான் முட்டையிடும் என்பதால், அந்த மாதங்களில் படத்துக்காக மணல்மேட்டுக்குள் இறங்காமல் சாலையோரத்தில் நின்றே எடுங்கள்.

இனம் உறுதியாகாத பறவைக்கு, மெர்லினில் ‘இதுதான் என் பறவை’ பொத்தானை அழுத்தாதீர்கள். ஈபேர்ட்டில் ‘இரண்டில் ஒன்று’ என்றோ இனம் குறிக்காமலோ பதியும் வசதி இருக்கிறது. படத்தையும் சேர்த்து அங்கே ஏற்றுங்கள்.