வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசின், 206 ஹார்டனர்: மக்கிப்போன பல்க்ஹெட் மாத்துறதுக்கு எடுக்கலாமா?

பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு வச்சிருக்கவங்களுக்கு இந்த வியாதி தெரிஞ்சிருக்கும். பாய்மரக் கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகளை (ஷ்ரவுட்) படகோட மாட்டுற உலோகப் பட்டைதான் செயின்ப்ளேட். அது டெக்கைத் தாண்டி உள்ள இறங்குற எடத்துல சீலன்ட் விட்டுப்போய், மழைத்தண்ணி வருஷக்கணக்கா பிளைவுட் பல்க்ஹெட்டுக்குள்ள (படகுக்குள்ள குறுக்க நிக்கிற தடுப்புப் பலகை) கசிஞ்சு, வெளிய பார்த்தா வார்னிஷ் பளபளன்னு இருக்கும், ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்துனா சும்மா உள்ள போயிரும். என் படகுல பழைய பல்க்ஹெட்டை வெட்டி எடுத்துட்டு 18 மில்லி மரைன் பிளைவுட்ல புதுசு போட்டேன், அதை ஹல்லோட (படகோட வெளி உடம்பு) ஒட்டுறதுக்கு வாங்குனதுதான் இந்த எபாக்சி: 105 ரெசின், அதை இறுக வைக்கிற 206 ஹார்டனர்.

படகே பாலியஸ்டர் ரெசின்லதானே செஞ்சிருக்கு, அதையே போட்டா செலவு கம்மியாச்சேன்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா முழுசா இறுகிப்போன பழைய ஃபைபர்கிளாஸ் லேமினேட் மேல புது பாலியஸ்டர் அவ்வளவா பிடிக்காது, மரத்துல இன்னும் மோசம். எபாக்சி ரெண்டுலயும் நல்லா பிடிக்கும். ஷ்ரவுட் இழுக்குற லோடு செயின்ப்ளேட் வழியா நேரா இந்தப் பலகைக்குத்தான் வருது, அதுல போய் மிச்சம் பிடிக்கிறது எனக்குச் சரியாப் படல.

ஹார்டனர்ல 206ஐ எடுங்க. 205 சீக்கிரம் இறுகுற ரகம், 22 டிகிரில கப்புல பத்து நிமிஷம் போல தாங்கும், 206 இருபது நிமிஷத்துக்கு மேல தாங்கும். படகோட மூலைல மல்லாந்து படுத்துக்கிட்டு எபாக்சில நனைச்ச கிளாஸ் துணியை ஒட்டும்போது அந்த வித்தியாசம் நல்லாவே புரியும். ஆனா 206க்கு 16 டிகிரியாவது வேணும், குளிர்ல வேலை செய்றவங்களுக்கு 205தான் சரி. கலக்குனதை கப்புலயே விடாம அகலமான தட்டுல ஊத்திருங்க, குவிஞ்சு கிடந்தா தானே சூடாகி புகைய ஆரம்பிச்சிரும்.

கலக்குற கணக்கு அளவுல 5க்கு 1. அதுக்குன்னே வர்ற பம்ப் ரெண்டையும் வாங்கிருங்க, இதுல ஒரு அழுத்து, அதுல ஒரு அழுத்து, கணக்கு முடிஞ்சுது. சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனரைக் கூட ஊத்துறது வீண், கடைசி வரைக்கும் பிசுபிசுன்னுதான் நிக்கும்.

எபாக்சியைக் கெட்டியாக்கக் கலக்குற பவுடர்தான் முக்கியமான சமாச்சாரம். பல்க்ஹெட் ஓரமும் ஹல்லும் சேர்ற மூலைல 406 பவுடர் கலந்து ஃபில்லெட் போடணும் (மூலையை வளைவா நிரப்புறது), கரண்டியைச் சாய்ச்சா வழியாம நிக்கிற பதம். பலகையை ஹல்லுல நேரா முட்டவிடாம நடுவுல மெல்லிசா ஃபோம் பட்டை வச்சா வெளிய ஹல்லுல வரி விழாது. செயின்ப்ளேட் போல்ட் ஓட்டையை முதல்ல பெருசா போட்டு, 404 பவுடர் கலந்து அடைச்சு, இறுகினதும் அதுலயே சரியான சைஸ்ல திரும்ப ஓட்டை போடுங்க, அப்புறம் சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணி மரத்தைத் தொடாது. பலகையோட ஓரங்களுக்கு பவுடர் இல்லாத எபாக்சியை முதல்ல தடவி குடிக்கவிடுங்க, எண்ட் கிரெய்ன் (மரத்தோட வெட்டு முகம்) நம்ப முடியாத அளவுக்குக் குடிக்கும்.

ஃபில்லெட் மேல ஒட்டுற கிளாஸ் துணிக்கு 1708 பையாக்சியல்னு (ரெண்டு திசைல இழை ஓடுற துணி) எல்லாரும் சொல்வாங்க. நல்ல துணிதான், ஆனா அதோட பின்னாடி தைச்சிருக்குற மேட் (துண்டு துண்டா வெட்டுன இழை விரிப்பு) எபாக்சியை ஏகத்துக்கு இழுக்கும். எபாக்சிக்கு மேட் தேவையே இல்ல, மேட் இல்லாத பையாக்சியல் கிடைச்சா அதையே எடுங்க. ஒரு லேயர் இன்னும் ஒட்டுற பதத்துல இருக்கும்போதே அடுத்ததைப் போட்டா நடுவுல தேய்க்கிற வேலை மிச்சம்.

குறைன்னா, இறுகினதும் மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அது தண்ணிலதான் போகும், தின்னர் போட்டுத் துடைச்சா பிரயோஜனமில்ல. தண்ணி விட்டு பேட் வச்சுக் கழுவிட்டு அப்புறம்தான் சாண்டிங், மாத்திச் செஞ்சா படலத்தை உள்ளயே தேய்ச்சு விட்ட மாதிரிதான். விலையும் பாலியஸ்டரை விட ரொம்பவே அதிகம். அப்புறம் தோல்: இன்னைக்கு ஒண்ணும் ஆகலன்னு வெறுங்கையால தொட்டுக்கிட்டே இருந்தா ஒருநாள் அலர்ஜி வந்துரும், வந்தா போகாது, நைட்ரைல் கிளவுஸ் போடுங்க. பழைய டாபிங்கை (பலகையை ஹல்லோட சேர்த்திருந்த கிளாஸ் துணிப் பட்டை) கிரைண்டர்ல தேய்க்கும்போது நல்ல ரெஸ்பிரேட்டர், சாதாரண துணி மாஸ்க் ஆகாது.

பல்க்ஹெட், செயின்ப்ளேட் மாதிரி லோடு வர்ற எடத்துக்குன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். லாக்கர் மூடி, ஷெல்ஃப் மாதிரி சில்லறை வேலைக்கு இவ்வளவு காசு கொடுக்க வேண்டியதில்ல.