மாதிரிக்கு வந்த பேல் வேறு, லாரியில் வந்த பேல் வேறு: சைலேஜ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி, திருநின்றவூர் பக்கம் மாடு வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மக்காச்சோள சைலேஜ் பேல் (நறுக்கிய பயிரைக் காற்றுப் புகாமல் புளிக்கவைத்து ஃபிலிம் சுற்றிய தீவனக் கட்டு), பண்ணை வாசலிலேயே இறக்கித் தருகிறோம், கிலோ 7 ரூபாய்தான் என்று யாராவது போன் பண்ணினால், முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. வேறு பெயரில், வேறு நம்பரில் வர அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வேலையைக் காட்டும் விதம்தான் மாறாது, அதைச் சொல்கிறேன்.

எங்களுடையது குடும்பப் பண்ணை. மாமனார் காலத்தில் ஐந்தாறு மாடு, இப்போது இருபது சொச்சம் கறவை. எல்லாம் எச்.எஃப். கலப்பும் ஜெர்சி கலப்பும். கறவை மெஷின் இருக்கிறது, மாட்டுக்கு மாடு பால் கணக்கு போனில் ஏறுகிறது. கொளத்தூர், பெரம்பூர், மாதவரம் வீடுகளுக்குப் பாட்டில் பால் போகிறது, மிச்சம் சொசைட்டிக்கு. டெலிவரி வீட்டுக்காரர் பார்க்கிறார், தீவனமும் கணக்கும் என் பொறுப்பு. எல்லாம் இருக்கிறது, புல் போட நிலம்தான் இல்லை. சுற்றி இருந்த வயல் எல்லாம் குடோன் ஆகிவிட்டது. ஒரு கறவைக்கு நாளுக்கு 15 முதல் 20 கிலோ சைலேஜ் வேண்டும் என்றால், எங்களைப் போன்றவர்கள் வெளியில் வாங்கித்தான் ஆகவேண்டும். அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

முதலில் மாதிரிக்கு ஒரு பேல் அனுப்பினார்கள். குறை சொல்ல முடியாது. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், இலேசான புளிப்பு வாசம், கையில் அள்ளினால் உடைந்த சோளமணி தெரிந்தது. மாடுகள் தொட்டியை நக்கி வைத்தன. "பெரம்பலூர் சோளம் மேடம், கதிரோட அறுத்தது" என்றார் அந்த ஆள். பில் போட்டால் விலை ஏறும், டெலிவரி சலான் போதும் என்றார். பாதிப் பணம் முன்னாலும் மீதி லாரி கிளம்பும்போதும் என்று பேச்சு. மீதியை வாங்கிக்கொண்டுதான் வண்டியையே விட்டார்கள்.

லோடு வந்தது நடு ராத்திரியில். இது தற்செயல் இல்லை என்று பிறகு விசாரித்தபோது புரிந்தது. இதே ஆளிடம் வாங்கிய இன்னொரு பண்ணைக்கும் ராத்திரியில்தான் வந்திருக்கிறது. இருட்டில் நிறம் தெரியாது, இறக்குகிற ஆட்கள் வீட்டுக்குப் போக அவசரப்படுவார்கள், வண்டிக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்பார். மாமனார் மட்டும் டார்ச்சோடு நின்று ஒரு பேலைக் கிழித்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. "ஏம்பா, இது என்ன தீவனமா, கஞ்சியா?" என்றார். "பெருசு, எறக்குறதோட என் வேல முடிஞ்சுது. மொதலாளிகிட்ட பேசிக்க" என்றார் டிரைவர். மொதலாளிக்குப் போன் போட்டால், "சார் இருந்தா குடுங்க மேடம், அவருக்குச் சொன்னா புரியும்" என்கிறார்! தீவனம் வாங்குவது நான், பணம் அனுப்பியது நான். பிறகு, "மழை பெஞ்சிருக்கும், மேல தண்ணி பட்டிருக்கும்" என்றார். நாலாபக்கமும் ஃபிலிம் சுற்றிய பேலுக்குள் மழை எந்த வழியாகப் போகும்?

காலை வெளிச்சத்தில் மீதியும் தெரிந்தது. சோளமணியே இல்லை. ஸ்வீட் கார்னிலும் பேபி கார்னிலும் கதிரை ஒடித்து விற்றுவிட்டு, நிற்கிற தட்டையை மட்டும் நறுக்கி பேல் போட்டால் இப்படித்தான் இருக்கும். தட்டையும் தீவனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாவுச்சத்து மணியில் இருக்கிறது, அதை நம்பித்தான் சைலேஜ் விலை கொடுக்கிறோம்.

இந்த ஈரம் பணத்தில் எவ்வளவு என்று பலர் கணக்குப் போடுவதில்லை. நல்ல மக்காச்சோள சைலேஜில் உலர்சத்து (தண்ணீர் போக மிஞ்சுவது) 30 முதல் 35 சதவீதம் வரை இருக்கும். எங்கள் லோடில் பேலுக்குப் பேல் பார்த்தோம், 22-ஐச் சுற்றியே நின்றது. 10 டன் லோடில் 33 சதவீதம் என்றால் 3,300 கிலோ உலர் தீவனம், 22 என்றால் 2,200 கிலோ. 1,100 கிலோ காணோம். நல்ல சைலேஜாகக் கணக்குப் பார்த்தால் அது 3,300 கிலோவுக்குச் சமம், கிலோ 7 ரூபாய் வீதம் 23,000 ரூபாய்க்கு மேல். 7 ரூபாய்க்கு மலிவாகக் கிடைத்தது என்று நினைத்த தீவனம், உலர் கிலோவுக்கு 21 ரூபாய்க்குப் பதில் கிட்டத்தட்ட 32 ரூபாயில் விழுந்திருக்கிறது. இதற்கு மேல் எடைமேடைச் சீட்டும் அவர்கள் ஊர் மேடையில் போட்டது.

பணம் போனது ஒரு பக்கம். பாலில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடச்சத்து) இறங்கியது, சொசைட்டியில் விலை குறைந்தது. பெரம்பூரில் ஒரு அம்மா, "என்னம்மா, பாலில் ஏதோ வாடை?" என்று கேட்டார். ஈரம் அதிகமான சைலேஜில் புளிப்பு சரியாக ஏறாது, கெட்ட கிருமி கிளம்பி ஊசிப்போன வெண்ணெய் நாற்றம் வரும். அந்தக் காற்றை மாடு இழுத்தாலே பாலில் வாடை ஏறும். (நல்ல சைலேஜாக இருந்தாலும் கறந்த பிறகு வைப்பதுதான் நல்லது.) ஃபிலிமிலும் கஞ்சத்தனம், மெல்லிசாக இரண்டு மூன்று சுற்று. ஓட்டை வழியே காற்றுப் போன பேல்களில் நீலமும் கறுப்புமாகப் பூசணம்.

பூசணத்தை மேலாக நீக்கிவிட்டு மீதியைப் போடலாம் என்று அந்த ஆள் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். சில பூசணங்கள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு அது நிற்காது. தீவனத்தில் இருக்கும் அஃப்ளடாக்சின் பி1 வகை, மாட்டின் ஈரலில் எம்1 வகையாக மாறி ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. சட்டப்படி பாலில் எம்1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் வரம்பு. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய தேசியப் பால் ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் இந்த வரம்பு தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. புண்ணாக்கையும் சோளத்தையும் ஈரமான கொட்டகையில் அடுக்கி வைக்கிற நமக்கு இது அடுத்தவர் செய்தி இல்லை.

பூசணம் கண்ட அன்றே லோடு முழுவதையும் நிறுத்தினோம். மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பாலும் தீவனமும் கொடுத்தோம். முடிவு வரும்வரை வீட்டுக்கும் போடவில்லை, சொசைட்டிக்கும் ஊற்றவில்லை. பால் வரம்புக்குள் இருந்தது. நஞ்சுள்ள தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அதற்குள் இரண்டு மூன்று வீடுகள் பாக்கெட் பாலுக்குப் போய்விட்டன, அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்த ஆள் முதலில் "உங்க மாட்டுக்குப் பழக்கம் இல்ல" என்றார், பிறகு "அடுத்த லோடில் கழிச்சுக்கலாம்" என்றார், இப்போது போனை எடுப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வியாபாரத்துக்கு வாங்கினால் வழக்கு நிற்காது என்று சிலர் பயமுறுத்தினார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. சலான், பணம் அனுப்பிய ரசீது, பிழிகிற வீடியோ எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை.

இப்போது வேறு ஆளிடம் வாங்குகிறோம், விலை கொஞ்சம் கூட. பகலில் மட்டும் லோடு, எடை ரெட்ஹில்ஸில் நாங்கள் சொல்லும் மேடையில், பணம் இறக்கிய பிறகு, பில்லோடு. வண்டியின் பின்பக்கம் இருப்பதை விட்டு நடுவிலிருந்து மூன்று பேல் கிழித்துப் பார்ப்போம். 100 கிராம் எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்து, பழைய வாணலியில் சிறு தீயில் கருகாமல் வறுக்க வேண்டும். எடை இறங்காமல் நிற்கும்போது 30 கிராமுக்குக் குறைவாக இருந்தால் வண்டி திரும்பும். இதை முதல் போனிலேயே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் மறுபடி கூப்பிடுவதில்லை.

மாதிரி பேல் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று கேள்வி. உங்கள் பக்கம் யாருக்காவது ஏற்கெனவே முன்பணம் போயிருந்தால், மீதியை அனுப்பாமல் வண்டியைப் பகலில் வரச் சொல்லுங்கள். மறுத்தால் உடனே 1915-க்குப் போன் போடுங்கள்.